வீடு சொன்னபடி இல்லையா? மலையூர் வாடகைதாரருக்கு உள்ள வழிகள்

ஏப்ரல், மே மாதத்தில் வீடு பார்க்கப் போனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லா வீடும் நல்ல வீடுதான். வெயில் அடிக்கும், சுவர் காய்ந்திருக்கும், புதுசாக அடித்த பெயிண்ட் வாசனை வரும். ஜூனில் மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் வீடு தன் சுயரூபத்தைக் காட்டும். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறும், பீரோவுக்குள் மடித்து வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும். "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லைங்க" என்று சொன்ன வீட்டில் லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்போம். அதற்குள் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, பழைய வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இந்த நிலையில் பலரும் "சரி, நம்ம தலையெழுத்து" என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு விடுவதும் ஓர் ஒப்பந்தம்தான். பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை விட்டு வெளியேற இந்தியச் சட்டம் 1872-இலிருந்தே இடம் தருகிறது. ஆனால் எல்லா ஏமாற்றமும் சட்டத்தின் கண்ணில் ஏமாற்று ஆகாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பொய், மறைப்பு, கவனக்குறைவு

குன்னூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 10,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. வீட்டுக்காரர் மூன்று விஷயம் சொல்கிறார்: முனிசிபல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வீட்டில் ஓதம் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும்.

கடைசியில் சொன்னதை விட்டுவிடலாம். அது அவருடைய அபிப்பிராயம், விற்கிறவர் வாய்ப்பேச்சு. அதை நம்பி வந்தேன் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. தண்ணீரைப் பற்றிச் சொன்னது அப்படியல்ல, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய தகவல். ரேலியா அணையை நம்பியிருக்கும் குன்னூரில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், கோடையில் அந்த இடைவெளி நீளும் என்பது அங்கே குடியிருக்கும் யாருக்கும் தெரியும். தெரிந்தே "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று சொன்னால் அது ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்லும் மோசடி. அவரும் உண்மை என்று நம்பிச் சொல்லி அது தவறாகிப்போனால் 18-ஆம் பிரிவின்படி தவறான தகவல். இரண்டிலும் 19-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது: ஒப்பந்தத்தை ரத்து செய்து வெளியேறலாம், அல்லது "நீங்கள் சொன்ன நிலைக்கு வீட்டைக் கொண்டு வாருங்கள்" என்று கேட்டு அங்கேயே இருக்கலாம்.

தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது ஏன் முக்கியம் என்றால், அதே 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உங்களுக்கே உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து செய்யும் உரிமை போய்விடும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆனால் இந்த விதிவிலக்கு தெரியாமல் சொன்ன தகவலுக்கும், பேசாமல் இருந்து மறைத்ததற்கும் மட்டுமே. வாய் திறந்து, தெரிந்தே பொய் சொன்னவர் "நீ ஏன் விசாரிக்கவில்லை" என்று கேட்டுத் தப்ப முடியாது.

இனி ஓதம். வீட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக ஒப்பந்தத்தில் சும்மா இருப்பது மோசடி ஆகாது. ஆனால் வாடகைக்கு விடுகிறவருக்கு மட்டும் சொத்து மாற்றச் சட்டம், 1882 தனியாக ஒரு கடமை வைத்திருக்கிறது. 108-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே அதுதான்: எந்த உபயோகத்துக்காக வீடு எடுக்கப்படுகிறதோ அதைப் பாதிக்கும் முக்கியமான குறை ஒன்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்து, குடிவருகிறவருக்குத் தெரியாமல், சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாமல் இருந்தால், அதை அவர் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இது எல்லா வாடகைக்கும் பொருந்தும். வருஷா வருஷம் ஜூலையில் கசியும் சுவருக்கு மார்ச்சில் பெயிண்ட் அடித்துக் காட்டுவது இந்தக் கட்டத்துக்குள் கச்சிதமாக விழுகிறது. கூரைத் தகரத்தில் ஓட்டை பட்டப்பகலில் தெரிகிறது, நீங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை என்றால் விழாது.

இன்னொன்று. அந்தப் பொய்யை நம்பித்தான் நீங்கள் வீடு எடுத்திருக்க வேண்டும். கார் ஷெட் இருக்கிறது என்று சொல்லி இல்லாமல் போனது கார் இல்லாதவருக்கு வழக்கு ஆகாது.

காட்டியது வாட்ச்மேன், வீட்டுக்காரர் சென்னையில்

மலையில் இது பெரிய சிக்கல். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார்கள். சாவி வாட்ச்மேனிடமோ புரோக்கரிடமோ இருக்கும். அவர் ஆயிரம் சொல்வார். பிறகு சொந்தக்காரருக்குப் போன் போட்டால் "நான் அப்படி எதுவும் சொல்லலையே" என்பார். உண்மைதான், அவர் சொல்லவில்லை.

ஆனால் ஒப்பந்தச் சட்டம் 238-ஆம் பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஒருவருக்காக வேலை பார்க்கிற ஏஜென்ட், அந்த வேலையின் போக்கில் சொல்லும் பொய், முதலாளியே சொன்ன பொய்க்குச் சமம். வீட்டைக் காட்டி வாடகை பேச அனுப்பப்பட்டவர் தண்ணீரைப் பற்றியும் ஓதத்தைப் பற்றியும் சொன்னது சொந்தக்காரரைக் கட்டும். பொறுப்பில்லாத விஷயத்தில் அவர் விட்ட வாக்கு, அடுத்த வருஷம் வாடகை ஏற்றமாட்டார்கள் என்பது மாதிரி, கட்டாது. வீட்டுக்காரர் அனுப்பாமல் நீங்களே பிடித்த புரோக்கர் என்றாலும் இந்தப் பிரிவு உதவாது. அப்போது பார்க்க வேண்டியது புரோக்கரை. கமிஷன் வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர் என்பதால் அவர் மேல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தெரிந்த முதல் வாரத்தில்

வழக்கறிஞரிடம் ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது எழுத்தில் சொல்வது. வாட்ஸ்அப் போதும். குறை தெரிந்த பிறகும் எதுவும் சொல்லாமல் ஐந்தாறு மாதம் வாடகை கட்டிக்கொண்டு இருந்தால், தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்றுதான் பார்ப்பார்கள். ரத்து செய்யும் உரிமை அங்கேயே கரைந்துவிடும். நம் ஆட்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரரிடம் முகத்தைக் காட்ட வேண்டுமே என்று கூச்சம். வாய்மொழியாக நான்கு தடவை சொல்லியிருப்பார்கள், எழுத்தில் ஒரு வரி இருக்காது.

சண்டை போடும் தொனியும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"சார் வணக்கம். மார்ச் 20 அன்று வீடு பார்க்க வந்தபோது முனிசிபல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சுவரில் ஓதம் கிடையாது என்று சொன்னீர்கள். அதை நம்பித்தான் 60,000 அட்வான்ஸ் கொடுத்து ஜூன் 1-ஆம் தேதி குடிவந்தோம். மூன்று வாரத்தில் தண்ணீர் ஒரு முறைதான் வந்திருக்கிறது. பின் அறைச் சுவர் முழுதும் ஓதம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். 15 நாளில் சரிசெய்து தாருங்கள். முடியாது என்றால் காலி செய்துகொள்கிறோம், அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இந்த மாத வாடகையை எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறோம்."

என்ன சொன்னார், எப்போது சொன்னார், நம்பினோம், உண்மையில் என்ன, என்ன வேண்டும், எத்தனை நாளில். எல்லாம் இதில் வந்துவிட்டது. பதிலில் அவர் "ஆமா, மழைக்காலத்துல அந்தச் சுவர் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று எழுதினால், அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பதிலே வராவிட்டால் இதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரைப் படம் எடுக்கும்போது அருகில் அன்றைய செய்தித்தாளை வைத்து எடுப்பது பழைய வழக்கம், இன்றும் பயன்படும். பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வீடு பார்த்த அன்று எடுத்த வீடியோ, லாரித் தண்ணீர் ரசீது எல்லாம் சாட்சியம்தான். வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் கொடுக்க பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தப் போனை விற்றுவிடாதீர்கள், சாட்டை அழித்துவிடாதீர்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மாத பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லிக் கேட்க அதுவே வீட்டுக்காரருக்குக் காரணமாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பாக்கிக்காரராகப் போய் நிற்பீர்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

2017 சட்டம் என்ன தருகிறது

தமிழ்நாட்டின் பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இலிருந்து நடப்பில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் மலையில் இன்னும் இருபது ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதம் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பதிவு இருந்தால் பின்னால் வரும் தகராறில் உங்கள் கை ஓங்கும். பதிவு செய்ய வீட்டுக்காரர் முரண்டு பிடித்தால், அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அட்வான்ஸுக்கு இந்தச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. நம் குன்னூர் கணக்கில் 30,000-தான் வாங்கியிருக்கலாம், 60,000 அல்ல. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பேரம் பேசும்போது இதை நினைவூட்டினாலே பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

பழுது யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் இணைப்பில் பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், அடைத்துக்கொண்ட சாக்கடை, கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் தலையில். எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நீங்களே ஆள் வைத்துச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. குடியிருக்கவே லாயக்கில்லாத நிலை என்றால் 15 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

நீங்கள் கேள்வி கேட்டதற்குப் பழிவாங்க வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது தனிக் குற்றச்சாட்டு. அத்தியாவசியச் சேவையை நிறுத்த அவருக்கு அதிகாரமே இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போடலாம். இந்த அதிகாரி துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாதவர். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்வார்கள். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூரில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும் கொடைக்கானலுக்கும் தனிக் கோட்டம் உண்டு.

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. ஊருக்கு வெளியே, கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் எஸ்டேட் பக்கத்து வீடு என்றால் மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டமும் சொத்து மாற்றச் சட்டமும்தான் கை கொடுக்கும், போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம். அங்கே ஒரு வசதியும் உண்டு: மாத வாடகைக்குக் குடியிருந்து, வேறு நிபந்தனை எழுதாமல் இருந்தால், சொத்து மாற்றச் சட்டம் 106-ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து யாரும் காரணம் சொல்லாமலே வெளியே வந்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் "வீட்டை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்து" என்று ஒரு வரி எல்லாரும் போடுவார்கள். அதைக் காட்டி வீட்டுக்காரர் பயமுறுத்தினால் மிரள வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்த குறைகளுக்கு அது அவருக்கு உதவும். தெரிந்தே சொன்ன பொய்க்கு உதவாது. "ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது" என்ற வரியும் அப்படித்தான். பொய்யால் வாங்கிய சம்மதம் என்று நிரூபித்தால் ஒப்பந்தத்தோடு அந்த வரியும் சேர்ந்து போய்விடும், வாங்கியதை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும்.

மலைக்கே உரிய மூன்று கண்ணிகள்

ஒன்று, கூடலூர், பந்தலூர் பக்கம். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமைப் பிரச்சினை பல பத்தாண்டுகளாக இழுக்கிறது. அங்கே "செக்‌ஷன் 17 நிலம்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் கட்டிய பல வீடுகளுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்பு வாங்குவது குதிரைக்கொம்பு. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ இது தெரியாது. "ஈபிக்கு எழுதிப் போட்டிருக்கு, அடுத்த மாசம் வந்துரும்" என்று சொல்லி வாடகைக்கு விட்டால், அது வருவதற்கு வழியே இல்லை என்று சொல்கிறவருக்கே தெரிந்திருந்தால், நேரடியான பொய்தான். வீட்டுக்காரர் பெயரில் மின் இணைப்பு எண் இருக்கிறதா, பக்கத்து வீட்டு ஒயரிலிருந்து இழுத்திருக்கிறார்களா என்று மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இரண்டு, அனுமதி இல்லாத கட்டடம். மலைப்பகுதியில் கட்டுவதற்குச் சமவெளியைவிடக் கெடுபிடி அதிகம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளைத் தொடர்ந்து 2019 வாக்கில் கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு நகராட்சி சீல் வைத்தது ஞாபகம் இருக்கலாம். சீல் நோட்டீஸ் வந்த கட்டடத்தை அதைச் சொல்லாமல் வாடகைக்கு விடுவது 108-ஆம் பிரிவு சொல்லும் மறைப்பு. வீடாக அனுமதி வாங்கிய இடத்தை "காட்டேஜ் நடத்திக்கோங்க, லைசென்ஸ் எல்லாம் இருக்கு" என்று சொல்லித் தள்ளிவிடுவதும் நடக்கிறது. தொழிலுக்கு எடுப்பவர் உரிமத்தின் நகலைக் கையில் வாங்காமல் ஒரு பைசா கொடுக்கக்கூடாது.

மண்சரிவையும் இதோடு சேர்க்கலாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. போன மழையில் பின்பக்க மண் இறங்கி, காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வந்துபோன வீடு என்றால், அது சொல்லியே ஆக வேண்டிய குறை. தோட்டத்தில் காட்டெருமை வருவதைச் சொல்லவில்லை என்று யாராவது வழக்குப் போட்டால், எனக்குத் தெரிந்த குன்னூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

மூன்று, லீசு. மாத வாடகை கிடையாது, நாலைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து இரண்டு, மூன்று வருஷம் இருப்பது. இங்கே பொய்யின் விலை அதிகம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருப்பதை மறைத்து லீசுக்கு விட்டு, கடன் கட்டாமல் போய், ஒருநாள் வங்கி ஆட்கள் வாசலில் வந்து நோட்டீஸ் ஒட்டினால் உங்கள் பணம் அந்தரத்தில் தொங்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீசைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஆனால் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்த எல்லாக் கடனும் அதில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், நகலைக் காட்டினால் மூலம் எங்கே என்று கேளுங்கள்.

போலீசா, கோர்ட்டா?

வீடே இல்லாமல் படத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியவன், அடுத்தவர் வீட்டைத் தன் வீடு என்று சொன்னவன், ஒரே வீட்டை நாலு பேரிடம் பேசி அட்வான்ஸ் வாங்கியவன் என்றால் போலீஸ்தான். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு, பழைய 420. பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. ஓதத்துக்கும் தண்ணீருக்கும் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் தப்பும் இல்லை.

கோர்ட்டைப் பற்றி என் கணக்கு இது. அட்வான்ஸ் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்றால் வழக்கு, நஷ்டஈடு என்று நாலு வருஷம் அலைவது கட்டுப்படியாகாது. அட்வான்ஸை முழுதாக வாங்கிக்கொண்டு, முடிந்தால் வண்டி வாடகையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, சீக்கிரம் வெளியேறுவதுதான் நல்ல முடிவு. லீசுப் பணம் லட்சக்கணக்கில் மாட்டியிருந்தால் கதை வேறு, தயங்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் காலக்கெடு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில், வழக்கு போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வீட்டுக்காரருக்கு அங்கிருந்து அழைப்பு போகும், உட்கார வைத்துப் பேசுவார்கள். சமரசம் ஆனால் லோக் அதாலத்தில் பதிவாகும் தீர்வுக்குச் சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100. மனு கொடுக்கப் போகும்போது அந்த வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்து இரண்டு நகலாகக் கொண்டு போங்கள், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிக் கணக்கின் அந்தப் பக்கத்தையும்.